இரவல் கிடாரில் ஒரு தீவுப் பாட்டு

கஸ்பார் கிடாரை இரவல் வாங்கி வந்த செவ்வாய்க்கிழமை மாலையில்தான் புன்னைத்துறையில் இரவல் பொருள்கள் தாமாக எழுந்து வீடு திரும்பத் தொடங்கின. முதலில் கிளம்பியது ஏணி. பக்கத்து வீட்டு பெர்க்மான்ஸுடைய ஏணி அது. போன ஐப்பசிக்கு முன்னால் ஓடு மாற்றுவதற்காக வாங்கி வந்து, ஓடு மாற்றி, மழை பெய்து, மழை நின்று, பின்சுவரில் சாய்ந்து கிடந்து கிடந்து கஸ்பார் வீட்டுப் பொருளாகவே ஆகிப்போயிருந்தது. கஸ்பார் கிடாரில் ஒரு பழைய பாட்டின் இரண்டாம் பாகத்தை இரண்டாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தபோது அது சுவரை விட்டு நிமிர்ந்தது. இடது காலை முன்னால் வைத்து, பிறகு வலது காலை வைத்து, வாழைக் குலையில் இடிக்காமல் வளைந்து, பின்வாசல் வழியாகப் போனது. அதற்குப் பின்னால் அடுக்களையிலிருந்து ஒரு தூக்குவாளி, விளிம்பில் 'ச. அருளாயி' என்று பேர் வெட்டியது, கைப்பிடியை நிமிர்த்திக்கொண்டு, மூடி லேசாகக் கிணுகிணுக்க முன்வாசல் வழியாகப் போனது. பாட்டு முடிய இன்னும் ஒரே ஒரு வளைவு பாக்கி இருக்கும்போது கிடாரும் அவர் மடியிலிருந்து இறங்கி, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து நிலையைத் தாண்டி, தெருவில் இறங்கி நடந்தது.

கஸ்பார் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கம்பியைப் பற்றியதுபோலவே காற்றில் நிற்க உட்கார்ந்திருந்தார். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த செல்போன் பதிவு செய்துகொண்டே இருந்தது.

"ஏணி போகுது" என்றாள் அவர் மனைவி பிரகாசி, அடுக்களையிலிருந்து.

"கிடாரும் போயிட்டு" என்றார் கஸ்பார்.

"அது நேரா அமலி வீட்டுக்குத்தான் போகும். செருப்பப் போட்டுட்டுப் போங்க, வெயிலு சுடுது."

அமலோற்பவம் மூன்று தெரு தள்ளி இருந்தாள். வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடல் குழுவை நடத்துகிறவளும் அவள்தான், கிடாரும் அவளுடையதுதான். மத்தியானம் அதைக் கேட்டுப் போனபோதே அவள் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு சொல்லியிருந்தாள்:

"சனிக்கிழமை அஞ்சு மணிக்குப் பாட்டுப் பயிற்சி இருக்கு அண்ணே. அதுக்குள்ள வந்துரணும்."

"வெள்ளிக்கிழமையே வந்துரும்."

"உங்க வீட்டுக்குப் போனது எது திரும்பி வந்திருக்கு? பெர்க்மான்ஸ் அண்ணன் ஏணியைக் கேட்டுப் பாருங்க."

இப்போது அவர் மூச்சிரைக்கப் போய் நின்றபோது, கிடார் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தன் ஆணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. அமலி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சொன்ன நாளுக்கு மூணு நாள் முன்னாலேயே அனுப்பிட்டீங்களே அண்ணே, பரவாயில்லையே" என்றாள்.

அந்தப் பாட்டு கஸ்பாருக்கு வந்த கதை இது. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் அவர் எண்ணெய் போடுகிறவராக இருந்தார். அங்கே டோனல் என்ற அயர்லாந்துக்காரன் இரண்டாம் என்ஜினியர். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கும் அப்பால், மரமே இல்லாத ஒரு தீவில் பிறந்தவன். வேலை முடிந்ததும் மேல்தளத்தில் உட்கார்ந்து தகரக் குழல் ஒன்றை ஊதுவான். அவன் ஊதியதில் ஒரு பாட்டு இரண்டு பாகமாக இருந்தது, ஒவ்வொரு பாகமும் இருமுறை வரும்; முதல் பாகம் ஒருவன் கரையை விட்டுப் போவதுபோல இருக்கும், இரண்டாம் பாகம் போகலாமா வேண்டாமா என்று அவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கும், கடைசி வளைவில் அவன் என்ன முடிவு செய்தான் என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடும். கப்பலில் பொதுவாகக் கிடந்த ஒரு கிடாரில் கஸ்பார் அதைத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டார். கப்பலை விட்டு இறங்கிய நாளில் டோனல் அவர் பையைத் தூக்கிக் கொடுத்து, "பாட்டையும் கொண்டு போ, எங்கேயாவது பார்த்தால் திருப்பிக் கொடு" என்று சிரித்தான். கஸ்பாரும் சிரித்துக் கைகொடுத்தார். அதற்குப் பிறகு இருவரும் எங்கேயும் பார்த்துக்கொள்ளவில்லை.

போன வாரம் டோனலின் மகள் நோரா, பழைய மாலுமிகள் ஒருவரையொருவர் தேடிக்கொள்கிற ஒரு பக்கத்தில் அவரைக் கண்டுபிடித்துச் செல்போனில் எழுதியிருந்தாள். அப்பாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுபத்தைந்து வயது. அந்தக் கப்பலை விட்டு நீங்கள் இறங்கிய நாளிலிருந்து அந்தப் பாட்டு அப்பாவுக்கு வரவில்லை. குழலை எடுத்து உதட்டில் வைப்பார், மற்றதெல்லாம் வரும், அது மட்டும் வராது. அது அவருடைய அப்பாவின் பாட்டு. எங்கள் பக்கத்துக் கெல்டிக் பாட்டுகள் அச்சான புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டோம், தீவிலும் கேட்டுவிட்டோம், யாரிடமும் இல்லை. உங்களிடம் இருக்கிறது என்று அப்பா சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதிவு செய்து அனுப்புவீர்களா?

முப்பத்திரண்டு வருடமாக கஸ்பார் அதை முணுமுணுத்து வந்திருக்கிறார், ஒரு கரண்டிகூட அசைந்ததில்லை. "இரவல் பாட்டை இரவல் கிடாருல வாசிச்சா அப்படித்தான் ஆகும்" என்றார் டீக்கடை பொன்ராசு அண்ணாச்சி, மறுநாள் காலையில். காரணத்தைப் பற்றி ஊர் பேசியது அவ்வளவுதான். அதற்குமேல் பேசுவதற்கு யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை மாலை கஸ்பார் வீட்டுப் பொருள்கள் மட்டும் கிளம்பவில்லை. பாட்டு கேட்ட தூரம்வரை, அதாவது கோயில் வளைவிலிருந்து ஐஸ் கம்பெனிவரை, ஒவ்வொரு வீட்டிலும் எது யாருடையதோ அது எழுந்து போயிருந்தது. குடைகள் போயின, இட்லித் தட்டுகள் போயின, ஒரு வீட்டிலிருந்து இஸ்திரிப்பெட்டி தன் வயரைச் சுருட்டிக்கொண்டு போனது. கல்யாணத்துக்கென்று கோயிலிலிருந்து வந்து நான்கு வருடமாகத் திரும்பாத பெஞ்சு ஒன்று, மேலே உட்கார்ந்திருந்த கிழவரை மெதுவாகச் சரித்து நிற்கவைத்துவிட்டுப் போனது. பிரகாசியின் மூன்று தட்டுகளும் அருளாயியின் தூக்குவாளியும் தெருமுனையில் எதிரெதிரே வந்து, ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒதுங்கிப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

ஊருக்கு வந்தது ஆச்சரியமல்ல, கூச்சம். தெரு முழுக்க நடந்துபோனபோது பேர் வெட்டிய பாத்திரங்களின் பேரை எல்லோரும் படித்துவிட்டார்கள். பங்குச்சாமியாருடைய அறையிலிருந்து ஒரு கதைப் புத்தகம் வெளியே வந்து, படிக்கட்டில் பக்கம் பக்கமாக இறங்கி, பஸ் ஏறிப் போவதற்காக நிறுத்தத்தில் நின்றது; அதை யாரிடம் வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கூச்சத்துக்கு அடுத்தபடியாக வந்தது மனஸ்தாபம். புன்னைத்துறையில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஒரு கை சர்க்கரையாவது, நாலு கருவாடாவது, ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு கறிவேப்பிலைக் கொத்தாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை போனவை எல்லாம் வெறுமையாகவே போயிருந்தன.

"என் தூக்குவாளிய வெறுமனே அனுப்பிட்டாளே உன் பொண்டாட்டி" என்று அருளாயி டீக்கடைக்கு எதிரில் வைத்தே கஸ்பாரிடம் கேட்டாள். அவர் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி, அவரைவிட மூத்தவள். ஊரில் பாதிப் பேரை அவள்தான் வையவும் செய்வாள், பேறுகாலத்தில் பக்கத்தில் இருக்கவும் செய்வாள்.

"அவ எங்கக்கா அனுப்பினா? அதுவாத்தான் வந்துச்சு."

"அதுவா வந்தா என்ன? வரும்போது கையில ஒண்ணு போட்டு விடக்கூடாதா?"

அதில் இருந்த நியாயத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். புதன்கிழமை மாலை கஸ்பார் மறுபடியும் கிடாரை வாங்கி வந்தபோது, ஊர் தயாராக இருந்தது. யாரும் இரவல் வாங்குவதை நிறுத்திவிடவில்லை. அப்படி ஒரு எண்ணமே யாருக்கும் வரவில்லை. வீட்டிலிருந்த ஒவ்வொரு இரவல் பாத்திரத்துக்குள்ளும் எதையாவது போட்டு வைத்தார்கள். பெர்க்மான்ஸ், அடைந்த சாக்கடையைக் குத்துவதற்கு வாங்கியிருந்த கம்பியின் நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகி வைத்தார். காலையில் மறுபடியும் ஏணியைக் கேட்டு வாங்கிய பிரகாசி, ஏணிக்குள் எதைப் போடுவது என்று கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு கொல்லையிலிருந்து எட்டு முருங்கைக்காயைப் பறித்துக் கட்டி மூன்றாவது படியில் தொங்கவிட்டாள்.

அன்று கஸ்பார் கிடாரைத் தன் இடுப்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். முதல் பாகம் நன்றாக வந்தது. நடுவில் மீன்காரரின் பைக் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அதைப் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் பாகம் தொடங்கியதும் எதிர்வீட்டில் குக்கர் கத்தியது, பல்லைக் கடித்துக்கொண்டார். கடைசி வளைவுக்கு வரும்போது முதலில் கயிறு அவிழ்ந்தது. அது பெர்க்மான்ஸுடைய வள்ளத்துக் கயிறு. கயிறு கொல்லைப்பக்கமாகவும் கிடார் தெருப்பக்கமாகவும் போயின.

எதிர்வீட்டுக் குக்கரும் போயிருந்தது. அது சோற்றோடு, ஆவியோடு, அடுப்பிலிருந்து இறங்கித் தன் சொந்தக்காரி வீட்டுக்குப் போய்ச் சேர, அந்த வீட்டுக்காரர்கள் அது பிரியாணி என்று கண்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்கள். குக்கர் இரவல் என்றாலும் பிரியாணி அருளாயி வைத்தது, அவள் சும்மா இருப்பாளா? வழக்கு பங்குச்சாமியாரிடம் போனது. சாமியார் தாடையைத் தடவினார். பாத்திரத்துக்குள் இருப்பது பாத்திரத்தோடு சேர்ந்தது, ஊர் வழக்கமும் அதுதான் என்று தீர்ப்பு சொன்னார். இனிமேல் கஸ்பார் மாலை நான்கு மணிக்குமேல் ஐந்து மணிக்குள் மட்டும் வாசிக்கட்டும், அந்த நேரத்தில் யாரும் இரவல் பாத்திரத்தில் உலை வைக்க வேண்டாம் என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

"பிரியாணி நல்லா இருந்துச்சாம் எக்கா" என்று பொன்ராசு அண்ணாச்சி அருளாயியிடம் சொன்னார்.

"நல்லா இருக்காம? நான் வெச்சதுல்லா" என்றாள் அவள். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

வியாழக்கிழமை பெர்க்மான்ஸும் பொன்ராசு அண்ணாச்சியும் ஆளுக்கொரு பக்கமாகக் கிடாரைப் பிடித்துக்கொள்ள வந்தார்கள். நாலு மணிக்கே தெருவில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் பிடித்த கிடாரில் சத்தம் எழும்பவில்லை, இருமல் வந்தவன் பாடுவதுபோல இருந்தது. இருந்தாலும் கஸ்பார் விடாமல் வாசித்தார். கடைசி வளைவு வந்ததும் கிடார் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டது. பொன்ராசு அண்ணாச்சியின் வேட்டி ஐஸ் கம்பெனி வாசலிலேயே நின்றுவிட்டது. அவர் அரைக்கால் சட்டையோடு அமலியின் கடைக்குள் போய் நின்றார்.

"என்னவே, பிடியை விட்டிருக்கலாமே" என்றார் பெர்க்மான்ஸ்.

"விட்டா பாட்டு போயிருமேன்னு பிடிச்சேன்" என்றார் அண்ணாச்சி.

அமலி ஒரு தலையணை உறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, கிடாரை ஆணியில் மாட்டினாள். "மூணு ஆம்பிளைக்கு இது தோணலையா?" என்று கேட்டாள். "அது என் வீட்டுக்கு வரத்தானே ஓடுது. என் வீட்டுல உக்காந்து வாசிச்சா எங்க ஓடும்? சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க. அஞ்சு மணிக்குப் பயிற்சி இருக்கு, சொல்லிட்டேன்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கஸ்பாருக்கு மனசு லேசாகிவிட்டது. வருகிற வழியெல்லாம் முதல் பாகத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரகாசி கொல்லையில் சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கஸ்பார் கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்தார். அவருக்கு ரேசர் அந்தப் பாட்டின் வளைவுகளில்தான் திரும்பிப் பழக்கம்.

"நாளைக்கு முழுசா வாசிச்சிருவீங்க" என்றாள் பிரகாசி.

"வாசிச்சிருவேன்."

"கிடாரு அமலி வீட்டுதுன்னு அமலி வீட்டுக்குப் போச்சு. ஏணி பெர்க்மான்ஸ் வீட்டுக்குப் போச்சு. பாட்டு யாரு வீட்டுது?"

ரேசர் நின்றது. அவர் அதை நினைத்திருக்கவில்லை. மூன்று நாளும் கடைசி வளைவுக்கு முன்னாலேயே கிடார் போய்விட்டது. பாட்டு ஒருமுறைகூட முடியவில்லை. முடிந்திருந்தால் அதுவும் எழுந்து போயிருக்கும்.

கப்பலிலிருந்து கஸ்பார் கொண்டுவந்த பொருள்களில் இப்போது எதுவும் மிச்சமில்லை. ரேடியோவை உப்புக்காற்று தின்றது, கம்பளிகள் மகள் கல்யாணத்தில் போயின, சென்ட் பாட்டில்களில் பிரகாசி பல்லிமிட்டாய் போட்டு வைத்திருந்தாள். பாட்டு மட்டும் தேயவே இல்லை. மூத்த மகளுக்கு ஜன்னி கண்ட ராத்திரிகளில் அதைத்தான் முணுமுணுத்தார். நடுக்கடலில் வீட்டு நினைப்பு நெஞ்சை அடைக்கும்போது அதைத்தான் முணுமுணுத்தார், பிறகு வீட்டுக்கு வந்து, கடல் நினைப்பு வரும்போதும் அதையேதான் முணுமுணுத்தார்.

"கடைசி வளைவை விட்டுட்டு அனுப்பிரலாம்" என்றார். "மிச்சமெல்லாம் இருக்குல்லா. அவனுக்குப் போதும்."

"அடியில ஓட்டை போட்ட வாளியைத் திருப்பிக் கொடுப்பீங்களா?"

"நான் ஏன் ஓட்டை போடப்போறேன்?"

"அதான் கேக்கேன்."

அவள் மீன் கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றினாள். அவர் பாதிக் கன்னத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தார். "முப்பத்திரெண்டு வருசமா அந்த மனுசன் குழலை உதட்டுல வச்சு வச்சு எடுத்திருக்கான்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். "நமக்கு ஒரு ஏணி இல்லாததுக்கே பெர்க்மான்ஸு அஞ்சு மாசமா நம்ம வாசலை எட்டி எட்டிப் பாத்தாரு."

மீதிக் கன்னத்தை அவர் எதையும் முணுமுணுக்காமல் மழித்தார். இரண்டு இடத்தில் வெட்டியது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அமலியின் முன்னறையில் நிற்க இடமில்லை. கஸ்பார் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நூல்கண்டுப் பெட்டியின்மேல் செல்போனைச் சாய்த்து வைத்தார். எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒரே ஒரு தடவைதான் வாசிக்க முடியும். ஜன்னலை அடைச்சிருங்க. மிஷினை நிறுத்திரு அமலி. யாரும் இருமக்கூடாது. பாட்டு சுத்தமாப் போய்ச் சேரணும்."

ஜன்னல்களை அடைத்தார்கள். மிஷின் நின்றது. பெர்க்மான்ஸ் இருமலை விழுங்கினார். கஸ்பார் முதல் கம்பியில் விரலை வைத்தபோது பிரகாசி கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டாள்:

"வெறுங்கையோடயா அனுப்பப் போறீங்க?"

அவள் கேட்டது எல்லோருக்கும் உடனே புரிந்தது, கஸ்பாருக்கும் புரிந்தது. முப்பத்திரண்டு வருடம் வீட்டில் வைத்திருந்த பொருள்.

"பாட்டுக்குள்ள எதைப் போடுறது?" என்றார் அவர்.

"இருக்கறதைத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னலைத் திறந்தாள். கடல் சத்தம் உள்ளே வந்தது. அமலி மிஷினில் காலை வைத்தாள். கோயிலில் முதல் நன்மை வாங்கப்போகிற யாரோ ஒரு பிள்ளையின் சட்டை பாதியில் நின்றிருந்தது, அதைத் தொடர்ந்து தைத்தாள். கஸ்பார் அந்தத் தாளத்தைக் கொஞ்சநேரம் கேட்டார். பிறகு வாசித்தார்.

முதல் பாகத்தில் ஒருவன் கரையை விட்டுப் போனான், ஐஸ் கம்பெனியில் பெட்டிகள் இறங்குகிற சத்தம் அவனோடு போனது. அதே பாகம் திரும்பி வந்தபோது பெர்க்மான்ஸ் நிம்மதியாக இருமினார். இரண்டாம் பாகத்தில் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான், தெருவில் யாரோ யாரையோ வைதார்கள், மீன்காரரின் ஹாரன் வந்தது, ஒரு சேவல் நேரம் தப்பிக் கூவியது. கடைசி முறைக்கு வரும்போது ஊரெல்லாம் பாத்திரங்கள் நிறைகையோடு நடக்கும் சத்தம் கேட்டது, ஏணி முருங்கைக்காயோடு போனது, அருளாயி ஜன்னலோரம் நின்று அமலியின் எதிர்வீட்டைப் பார்த்து, "ஏட்டி, பால் பொங்குது பாரு!" என்று கத்தினாள். கிடார் தன் வீட்டில் இருந்ததால் அசையவில்லை. கஸ்பார் கடைசி வளைவை எடுத்தார், திருப்பினார், முடித்தார்.

பாட்டு எழுந்தது. அது வாசலில் கொஞ்சநேரம் நின்றதை எல்லோரும் உணர்ந்தார்கள். விருந்துக்கு வந்தவர் செருப்பைத் தேடுகிறமாதிரி நின்றது. பிறகு கோயில் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனது. பனங்காட்டில் ஓலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து நின்றன.

கஸ்பார் முதல் அடியை முணுமுணுத்துப் பார்த்தார். வாயில் வெறும் காற்றுதான் வந்தது. அமலி மிஷினை நிறுத்தி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

செல்போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. அங்கேயே வைத்து நோராவுக்கு அனுப்பினார். இரண்டு குறிகள் விழுந்தன, கொஞ்சநேரத்தில் இரண்டும் நீலமாயின. அதற்குப் பிறகு போட்டுக் கேட்டபோது மிஷின் இருந்தது, கடல் இருந்தது, இருமல், ஹாரன், சேவல், பால் பொங்கியது எல்லாம் இருந்தது. பாட்டு இருந்த இடத்தில் மட்டும் அது இருந்த அளவுக்கு இடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது நோராவிடமிருந்து குரல்பதிவாகப் பதில் வந்திருந்தது. டீக்கடையில் வைத்து எல்லோரும் கேட்டார்கள். அப்பா பதிவைக் கேட்டு முடிப்பதற்கு முன்பே குழலை எடுத்துவிட்டார், முப்பத்திரண்டு வருடம் கழித்து ஒரு தட்டுத் தடுமாற்றம் இல்லாமல் ஊதினார், மிஷின் சத்தத்துக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டே ஊதினார் என்று நோரா சொன்னாள். ஒரு சந்தேகம் இருக்கிறது: கடைசியில் ஒரு பெண் ஏதோ சொல்கிறாரே, அது இந்தப் பாட்டோடு சேர்ந்ததா? ஏனென்றால் அப்பா அந்த இடம் வரும்போது குழலை எடுத்துவிட்டு அதையும் சொல்கிறார். பின்னால் ஒரு கிழக்குரல், கரகரவென்று, மிகுந்த மரியாதையோடு, "ஏட்டி பாலு பொங்குட்டு பாரு" என்றது.

டீக்கடை சிரித்து அடங்குவதற்கு வெகுநேரம் ஆனது. அருளாயி மட்டும் சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்லுதாரு" என்றாள். "இன்னொரு தடவை போடுலே."

அதற்குப் பிறகு கஸ்பார் தினமும் எதையும் முணுமுணுக்காமல் முகம் மழித்தார். வருத்தம் என்று சொல்ல முடியாது. பெரிய பொருள் ஒன்றை எடுத்துக் கொடுத்தபின் சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்திருக்குமே, அப்படி இருந்தது. டோனல் இப்போது ஊதிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வார், அப்படி நினைக்கும்போது நன்றாக இருக்கும். ஊரிலும், மறுபடி இரவல் வாங்கிய ஏணியும் பாத்திரங்களும் இருந்த இடத்தில் இருந்தன. நாலு மணி ஆனால் யாராவது ஒருவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பாத்திரத்துக்குள் போட்ட சர்க்கரையை யாரும் எடுக்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் அவர் கிணற்றடியில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோது மேற்கேயிருந்து ஓலைகள் அசைந்து வந்தன. ரேசர் கன்னத்தில் தானாக ஒரு வளைவு திரும்பியது. அவர் வாயைத் திறந்தார். முதல் பாகம் வந்தது.

"வந்துட்டா?" என்றாள் பிரகாசி அடுக்களையிலிருந்து.

"வந்துட்டு."

"வெறுங்கையோடயா?"

அவர் மறுபடியும் முதலிலிருந்து முணுமுணுத்துப் பார்த்தார். முதல் பாகத்தில் ஈரக் கம்பளி வாசனை அடித்தது. இரண்டாம் பாகத்துக்கு நடுவில் ஒரு நாய் இரண்டு தடவை குரைத்தது. கடைசி வளைவு முடிகிற இடத்தில் முடியாமல், அவர் அறியாத இன்னொரு சின்ன வளைவு இருந்தது, பல்லிமிட்டாய் அளவுதான் இருக்கும். கரையை விட்டுப் போனவன் வாசலில் வந்து கனைக்கிறமாதிரி இருந்தது.

"இல்ல" என்றார். "ஒண்ணு போட்டுத்தான் அனுப்பிருக்கான்."

அன்று மாலை நாலு மணிக்கு அமலியிடம் போய்க் கிடாரைக் கேட்டார்.

"மறுபடியுமா?" என்றாள் அவள், ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே. "தெருவுல சொல்லிட்டு வாசிங்க அண்ணே. என் இட்லிச்சட்டி ரெண்டு வெளியே நிக்குது."

தெரு முழுக்கச் செய்தி போனது. அவரவர் வீட்டில் இரவல் பாத்திரங்களைத் துடைத்து, உள்ளே இருந்த சர்க்கரையில் எறும்பு தட்டி, வாசலை நோக்கித் திருப்பி வைத்தார்கள். கஸ்பார் தன் வீட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் பாகத்தை இருமுறை வாசித்தார், இரண்டாம் பாகத்தை ஒருமுறை வாசித்தார், பிறகு கடைசி முறைக்குள் போனார். பின்சுவரில் ஏணி நிமிர்ந்தது. இடது காலைத் தூக்கியது. தூக்கிய காலோடு கொஞ்சநேரம் யோசித்தது. பிறகு அதைப் பழைய இடத்திலேயே வைத்துச் சுவரில் சாய்ந்துகொண்டது. கிடார் மடியைவிட்டு இறங்கவில்லை. அவர் கடைசி வளைவை முடித்து, அதற்கு அப்பாலிருந்த சின்ன வளைவையும் முடித்து, கம்பிகள் தாமாக அடங்கும்வரை காத்திருந்தார். பாட்டு எங்கேயும் போகவில்லை, அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

மதிலுக்கு மேலே பெர்க்மான்ஸின் தலை தெரிந்தது.

"என்னவே, என் ஏணி வரலியே?"

"இனி அதுவா வராது ஓய். பாட்டு இப்ப நம்ம வீட்டுதும்தான். நாளைக்கு நானே தூக்கிட்டு வாரேன்."

"நீரா? நல்லாக் கொண்டுவந்தீரு" என்றார் பெர்க்மான்ஸ். ஆனாலும் தலை மதிலுக்கு மேலேயே இருந்தது; பிரகாசி கொல்லையில் முருங்கைமரத்தைப் பார்த்துத் துரட்டியை எடுத்துக்கொண்டு போவதை அவர் கவனித்துவிட்டார்.